சாலையோரக் காதுகள்

ஜூன் மாதத்து விடியலுக்கு இன்னும் அரை மணி நேரம். கனடாவின் கிராமச் சாலையோரம் கார் ஒன்று நிற்கிறது. இறங்கியவர் மூன்று நிமிடம் ஒரே இடத்தில் நின்று, காதில் விழுந்த பறவைகளையும் 400 மீட்டருக்குள் கண்ணில் பட்டவற்றையும் குறித்துக்கொள்கிறார். 800 மீட்டர் தள்ளிப் போய் மறுபடியும் நிற்கிறார். ஏறத்தாழ 39 கிலோமீட்டருக்குள் இப்படி 50 நிறுத்தங்கள். அடுத்த ஆண்டும் அதே சாலை, அதே 50 இடங்கள்.

வட அமெரிக்காவின் இனப்பெருக்கக் காலப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும் முறை இதுதான். பறவையியலாளர் சாண்ட்லர் ராபின்ஸ் இதை 1966இல் தொடங்கிவைத்தார். டி.டி.டி. பூச்சிக்கொல்லி தெளித்த ஊர்களில் பறவைகள் செத்து விழுந்துகொண்டிருந்த காலம் அது. அதை எச்சரித்த ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ நூல் வெளிவந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் கண்டம் முழுவதும் பறவைகள் குறைகின்றனவா என்று கேட்டால், எண்ணைக் காட்டி விடை சொல்ல யாராலும் முடியவில்லை.

இன்று முடிகிறது. 1970க்குப் பிறகு அமெரிக்காவும் கனடாவும் சுமார் 290 கோடிப் பறவைகளை, அதாவது 29 விழுக்காட்டை, இழந்துவிட்டன என்று 2019இல் வெளியான ஆய்வு சொன்னது. அந்தக் கணக்கின் முதுகெலும்பு இந்தச் சாலையோரக் குறிப்புகள்தான். கூலி வாங்காத தன்னார்வலர்கள் முறையை மாற்றாமல் தலைமுறை தாண்டிச் செய்த வேலை அது. இந்தப் பிடிவாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பெருந்தொற்றால் 2020இல் கணக்கெடுப்பு நின்றபோது ஏற்பட்ட இடைவெளியை இனி யாராலும் நிரப்ப முடியாது.

ஆனால் பறவைகள் சாலையைப் பார்த்துக் கூடு கட்டுவதில்லை. கனடாவின் கணக்கெடுப்பு வழித்தடங்கள் பெரும்பாலும் தெற்கே நெருங்கிக் கிடக்கின்றன. நூறு கோடிக்கு மேல் பறவைகள் கோடைதோறும் குஞ்சு பொரிக்கும் ஊசியிலைக் காடும் சதுப்பும் வடக்கே விரிகின்றன. அங்கே சாலைகள் அரிது. இருக்கிற சாலையும் மரம் வெட்டவோ எண்ணெய் எடுக்கவோ போட்டதாக இருந்தால், அதன் ஓரத்தில் கேட்பது கலைந்த காட்டின் குரல். அதையே காடு முழுவதற்கும் பொருத்துவது பிழை.

இதன் விலையை ரஸ்டி பிளாக்பேர்ட் கொடுத்தது. வடக்குச் சதுப்புகளில் கூடு கட்டும் இந்தப் பறவை பல பத்தாண்டுகளாகச் சரிந்துகொண்டே வந்தது. 1999இல் அதன் வீழ்ச்சியை விரிவாக எடுத்துக்காட்டிய ஆய்வாளர்கள், பழைய பறவை நூல்களில் ‘ஏராளம்’ என்றிருந்த சொல் எப்போது ‘அரிது’ என்று மாறியது என்பதையும் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

கேட்பவரின் காதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிளாக்போல் வார்ப்ளரின் எடை சுமார் 12 கிராம். இலையுதிர் காலத்தில் இரண்டு மூன்று நாள் இடைவிடாமல் அட்லாண்டிக் கடலின் மேல் பறக்கும் பறவை. அதன் பாட்டு மிக உச்ச சுருதியில் இருப்பதால், வயது ஏற ஏற நம் செவிக்கு எட்டாமல் போகிறது. அனுபவம் கூடும்போது காது மங்குகிறது. ஒரு பறவைகூடச் சாகாமலே எண்ணிக்கை குறையக்கூடும்.

இந்த இடத்தில்தான் தானியங்கி ஒலிப்பதிவுக் கருவிகள் வருகின்றன. மரத்தில் கட்டிவிட்டு வந்தால், பேட்டரி தீரும்வரை குறித்த நேரங்களில் பதிவு செய்யும். சதுப்புப் புல்லுக்குள் இரவில் டிக்-டிக் என்று கத்தும் யெல்லோ ரெயில் விடியற்காலைக் காருக்கு அகப்படுவதில்லை, கருவிக்கு அகப்படுகிறது. சந்தேகம் வந்தால் பத்து ஆண்டு கழித்தும் வேறொருவர் அதே ஒலியைக் கேட்டுச் சரிபார்க்கலாம். காதால் மட்டும் கேட்டு எழுதிய குறிப்பில் அது முடியாது.

குறைகளும் சிறியவை அல்ல. காற்றும் மழையும் பதிவைக் கெடுக்கும். கரடி கடித்துப் போடும். பறவை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும், பாடியது ஒரே பறவையா மூன்றா என்பதும் ஒலியிலிருந்து எளிதில் தெரியாது. பாடாத பறவை இல்லாத பறவையாகிவிடும். குரலை வைத்துப் பறவையை அடையாளம் காணும் பேர்ட்நெட் போன்ற மென்பொருள் ஒரு குரலை வேறொன்றாக எடுத்துக்கொள்வதும் உண்டு. பல்லாயிரம் மணி நேரப் பதிவைச் சரிபார்க்கக் கடைசியில் தேர்ந்த காதுதான் வேண்டும்.

இடத்தைத் தேர்வு செய்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். பின்லாந்து நாடு முழுவதும் 25 கிலோமீட்டர் இடைவெளியில் 566 நடைத்தடங்களை வகுத்தது. ஒவ்வொன்றும் 6 கிலோமீட்டர். சாலை இருக்கிறதா என்று பார்த்து அவற்றை வகுக்கவில்லை. காடோ சதுப்போ, தடம் விழுந்த இடத்தில் நடக்கிறார்கள். கனடாவின் பரப்புக்கு நடை மட்டும் போதாது, கருவி வேண்டும். ஆனால் அதையும் போய்வர வசதியான இடத்திலேயே கட்டினால் பழைய குறை புது உருவில் தொடரும்.

சாலையோரக் கணக்கைக் கைவிட்டுக் கருவிக்கு மாறுவது பெரும் இழப்பாக முடியும். இரண்டின் எண்களும் நேரடியாக ஒப்பிடத்தக்கவை அல்ல. தெற்கின் பழைய வழித்தடங்களின் நிறுத்தங்களில் ஆளும் கருவியும் சில ஆண்டுகள் ஒரே விடியலில் சேர்ந்து கேட்க வேண்டும். அப்போதுதான் வடக்கில் கருவி தரும் எண்ணை 1966லிருந்து வரும் வரிசையோடு இணைக்க முடியும். பறவைகளுக்கென்று ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு இந்த வேலைக்குத்தான் போக வேண்டும்.