வாவிக்கரைக் கருவியில் எதைப் பூட்டுவது?

மார்கழி மழையில் மட்டக்களப்பு வாவி ஏறும்போது, நீர்மட்டம் எவ்வளவு என்பது படுவான்கரையின் தாழ்ந்த ஊர்களுக்கும் வயல்களுக்கும் உடனே தெரியவேண்டிய செய்தி. முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டுவதா என்ற கேள்வியும் அதோடுதான் எழுகிறது. அப்படியொரு கரையில் தானாக மட்டம் அளக்கும் கருவியை நிறுத்துபவர் சூரியப் பலகையையும் பற்றரியையும் ஒரு சின்ன மைக்ரோகொன்ட்ரோலரையும் நம்பியே நிறுத்துகிறார். நாட்கணக்காக முகில் மூடினால் பற்றரி தாழும். அந்த நேரம் பார்த்து வீதியும் வெள்ளத்தில் மூடியிருக்கும். மைக்ரோகொன்ட்ரோலரின் ஃபிளாஷ் நினைவகத்தை எழுதவிடாமல் பூட்டும் வழக்கத்தை இந்த நிலைமையில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

பலர் இதைத் திருடனுக்கு எதிரான பூட்டு என்று நினைக்கிறார்கள். அது தவறு. அட்மெகா328பி சிப்பில் பூட்டு பிட்டுகள் எல்லாம் போடப்பட்டிருந்தாலும், வெளியிலிருந்து புரோகிராமரை இணைத்து முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம். இந்தப் பூட்டு காப்பது, தடுமாறும் நம் சொந்தப் புரோகிராமிடமிருந்து. மின்னழுத்தம் தாழும்போது சிப் கட்டளைகளைப் பிழையாக நிறைவேற்றி ஃபிளாஷைக் கெடுத்துவிடலாம் என்று அதன் தரவுத்தாளே எச்சரிக்கிறது. புரோகிராமை ஏற்றித்தரும் சிறு பகுதியான பூட்லோடர் பூட்டியிருந்தால், மேலே உள்ள புரோகிராம் சிதைந்தாலும் அதைத் திரும்ப ஏற்றும் வழி மிஞ்சும். இந்த வழக்கத்தின் உண்மையான பலம் இதுதான், சிறிய பலமும் அல்ல.

ஆனால் பூட்டு மட்டும் போதாது என்பதற்கு இதே அட்மெகா328பி சிப் உள்ள ஆர்டுவினோ ஊனோவே சாட்சி. அதன் 512 பைட் பூட்லோடர் பூட்டப்பட்டே வருகிறது. மின்னழுத்தம் தாழ்ந்தால் சிப்பை நிறுத்திவைக்கும் காவலோ 2.7 வோல்ட்டில் அமைக்கப்பட்டிருக்கிறது. 16 மெகாஹேர்ட்ஸில் ஓடும் இந்தச் சிப்புக்குக் குறைந்தது 3.8 வோல்ட் அளவு வேண்டும். நடுவில் உள்ள ஒரு வோல்ட்டுக்கும் மேலான இடைவெளியில் சிப் காவலின்றித் தடுமாறலாம். பற்றரி மெல்ல மெல்ல இறங்கும் கருவி அந்த இடைவெளியில் மணிக்கணக்காகக் கிடக்கும். பூட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் காவல் அளவை ஏன் கூடவே எழுதுவதில்லை என்பது எனக்கு உண்மையான ஆதங்கம்.

எஸ்டிஎம்32எஃப்103 சிப்பில் இன்னொரு வகைக் குறை. அங்கே ஒரு பிட் 4 கிலோபைட்டைப் பூட்டுகிறது, ஆகவே வேண்டிய பகுதியை மட்டும் தெரிந்து பூட்டலாம். நல்ல வசதிதான். ஆனால் அந்தப் பிட்டுகள் சிப்பின் அமைப்புகளை வைத்திருக்கும் ஒப்ஷன் பைட்டுகளில் உள்ளன. ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் அந்தத் தொகுதி முழுவதையும் அழித்து, பிறகு எல்லாவற்றையும் எழுத வேண்டும். அழித்த கணத்துக்கும் எழுதும் கணத்துக்கும் இடையில் மின் போனால், ஃபிளாஷை வெளியிலிருந்து வாசிக்கவிடாத, நாம் கேட்டிராத வாசிப்புத் தடை விழுந்திருக்கும். அதனோடு முதல் 4 கிலோபைட் தானே பூட்டிக்கொள்ளும். மீதிப் பகுதிக்கு நாம் போட்ட பூட்டோ காணாமல் போயிருக்கும். வாசிப்புத் தடையை நீக்கினால் ஃபிளாஷ் முழுவதும் அழியும், உள்ளே சேமித்த அளவுத் திருத்தங்களும் சேர்ந்து போகும். ஆகையால் கரையில் நிற்கும் கருவி தன் ஒப்ஷன் பைட்டுகளைத் தானே மாற்றும்படி புரோகிராம் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். நிலையான மின் உள்ள மேசையில் ஒருமுறை எழுதி, ரீசெற் செய்து, திரும்ப வாசித்துப் பார்த்த பிறகே பெட்டியை மூட வேண்டும்.

எல்லாவற்றையும் பூட்டிவிட்டால் நிம்மதி என்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் தொலைவிலிருந்து பிழைதிருத்தம் அனுப்ப முடியாது, அளவுகளை ஃபிளாஷில் பதியவும் முடியாது. பதிவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஃபிளாஷின் ஒரே பக்கத்தை அழித்து எழுதினால் நாளுக்கு 144 தடவை. உற்பத்தியாளர் உறுதிசொல்லும் 10,000 தடவை 70 நாளில் தீரும், ஒரு மழைக்காலத்துக்கே போதாது. இந்தத் தேய்வை எந்தப் பூட்டும் தடுக்காது. பதிவுகளைப் பல பக்கங்களில் பரப்பித்தான் தடுக்க முடியும்.

பூட்லோடரைப் பூட்டுவதற்கும் விலை உண்டு. அதிலேயே பிழை இருந்தால், யாராவது பெட்டியைத் திறக்கும்வரை அந்தப் பிழையும் பூட்டுக்குள்ளேயே இருக்கும். அதனால் பூட்டும் பகுதியைச் சிறிதாக வைப்பேன்: இரண்டு புரோகிராம் பிரதிகளில் எதன் சரிபார்ப்புத்தொகை பொருந்துகிறது என்று பார்த்து அதற்குத் தாவும் வேலை மட்டும் அதற்கு. வானொலி, மோடம், மென்பொருள் புதுப்பிப்பு எல்லாம் பூட்டுக்கு வெளியே. பிறகு புதுப்பிப்பு நடக்கும்போதே பற்றரிக் கம்பியைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும், அழிக்கும் வேளையில், எழுதும் வேளையில், சரிபார்க்கும் வேளையில் என்று மாற்றி மாற்றி. ஒவ்வொரு தடவையும் கருவி தானே எழுந்து மட்டத்தைச் சொன்னால் அதைக் கரைக்குக் கொண்டுபோகலாம்.