நுரையை நம்பாத மெஷின்

முன்பக்கக் கதவு வைத்த வாஷிங் மெஷினின் வட்டக் கண்ணாடி வழியே வேடிக்கை பார்ப்பது எனக்குப் பிடிக்கும். டிரம் உருள, உள்ளிருக்கும் மேடுகள் துணியை உச்சிவரை தூக்கிப்போய்த் தொப்பென்று போடுகின்றன. படித்துறைக் கல்லில் அறைந்து துவைக்கும் அதே வித்தை. அடியில் கொஞ்சம்தான் தண்ணீர். அழுக்கைக் கிளப்புவது அந்த விழுகை.

நமக்கோ நுரை பொங்கினால்தான் திருப்தி. இங்கே அதுதான் எதிரி. நடுவில் புகுந்து, துணி விழும் வேகத்தைக் கெடுக்கும். அலசவும் கூடுதல் தண்ணீர் கேட்கும். இந்த வகை மெஷினுக்கென்றே வரும் நுரை குறைந்த தூளோ திரவமோ போதும், அதுவும் அளவாக. டிரம்மில் துணியைத் திணிக்காதீர்கள், மேலே ஒரு கை நுழைய இடம் வேண்டும். ஒற்றைப் போர்வையை மட்டும் போட்டாலும் ஒரு பக்கமாகச் சுருண்டுகொண்டு, பிழியும்போது மெஷினையே ஆட்டிவிடும். போர்வெல் தண்ணீர் உள்ள ஊர்களில் சூடேற்றும் கம்பியில் உப்புப் படியும். அவ்வப்போது டீஸ்கேலிங் பவுடர் போட்டு, துணியில்லாமல் வெந்நீரில் ஓடவிடுவது நல்லது.

துவைத்து முடிந்ததும் கதவோர ரப்பர் மடிப்பில் தேங்கிய ஈரத்தைத் துடைத்து, கதவைச் சற்றே திறந்து வையுங்கள். பூஞ்சை நாற்றம் அண்டாது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடென்றால் அந்தக் கதவின்மேல் ஒரு கண் இருக்கட்டும்.