தேம்பாவணிக்குச் சான்று யாது?

தேம்பாவணியின்மேல் சுமத்தப்படும் குறைகளுள் மிகப் பழையது, விவிலியத்தில் இல்லாதவற்றை வீரமாமுனிவர் காப்பியமாக்கினார் என்பது. இக்கூற்று பொய்யன்று. காப்பியத் தலைவராகிய சூசையப்பர், இயேசுவின் வளர்ப்புத் தந்தை. மாற்கு நற்செய்தியில் அவர் பெயர்கூட இல்லை. யோவான், இயேசு இன்னார் மகன் என்று பிறர் கூறுமிடத்து மட்டும் அப்பெயரைத் தருகிறார். மத்தேயுவும் லூக்காவும் சில நிகழ்ச்சிகளை உரைக்கின்றனர். எனினும் நான்கு நூலிலும் சூசையின் வாய்ச்சொல் ஒன்றேனும் பதிவாகவில்லை. அவர் எப்போது இறந்தார் என்பதும் கூறப்படவில்லை. இத்துணைச் சிறு வித்திலிருந்து 3 காண்டம், 36 படலம், 3615 பாடல் கொண்ட பெருமரம் எங்ஙனம் எழுந்தது?

முனிவர் இதனை மறைத்தாரல்லர். ஸ்பெயின் நாட்டு ஆகிரதா நகரில் வாழ்ந்த மரியாள் என்னும் கன்னித்துறவியின் (1602–1665) நூலே கதைக்கு மூலம் என்பதைப் பாயிரத்திலேயே குறிக்கின்றார். மரியன்னை தம் வரலாற்றைத் தமக்குத் தாமே உணர்த்தினார் என்பது அத்துறவியின் வாக்கு. 1670இல் அச்சேறிய அந்நூலை உரோமை விசாரணை மன்றம் 1681இல் விலக்கு நூற்பட்டியலில் சேர்த்தது. அவ்வாண்டிலேயே போப்பாண்டவர் 11ஆம் இன்னசென்ட் அத்தடையை நிறுத்திவைத்தார். 1696இல் பாரிசு நகரத்துச் சோர்போன் இறையியலார் மீண்டும் கண்டித்தனர். கத்தோலிக்க சபைக்குள்ளேயே வழக்கில் நின்ற நூல் அது என்பதை மறத்தலாகாது.

காலமும் இடமும் இவ்வழக்கைக் கூர்மையாக்கின. நூல் முற்றுப்பெற்றது 1726ஆம் ஆண்டளவில். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து 1714–15இல் அச்சிட்டிருந்தார். மறைநூல் ஒன்றே விதி என்பது அவர் சார்ந்த லூத்தர் சபையின் அடிப்படை. 1521இல் வோர்ம்ஸ் மன்றத்தில் நின்ற லூத்தர், மறைநூலாலோ தெளிந்த நியாயத்தாலோ தம் பிழை காட்டப்பட்டாலன்றித் தம் கொள்கையைக் கைவிடுவதற்கில்லை என்றார். அதற்கு விடையாகத் திரெந்து சங்கம் 1546இல், எழுதப்பட்ட மறையோடு எழுதாது வழிவழி வந்த மரபையும் ஒத்த மதிப்புடன் ஏற்பதாக வரையறுத்தது. ஐரோப்பாவில் மூண்ட இப்பூசல் இருநூறாண்டு கழித்துச் சோழநாட்டுக் கரைக்கு வந்தது. தரங்கம்பாடியாரை மறுத்து முனிவர் வேத விளக்கம் எழுதியது 1728இல்.

ஆகவே, விவிலியத்தில் இல்லை என்று தேம்பாவணியைத் தள்ளுவோர், அறிந்தோ அறியாமலோ வழக்காளியருள் ஒருவரின் கோலைக் கொண்டு மற்றவரின் துணியை அளக்கின்றனர். மறுபுறம், மரபு ஏற்றது என்று மட்டும் கூறி முனிவரைக் காப்பதும் முழுதும் பொருந்தாது. தனி ஒருவர் பெற்ற காட்சியை நம்பியே தீரவேண்டுமெனக் கத்தோலிக்க சபையும் விதிப்பதில்லை. மரபு என்பது வேறு; ஆகிரதா மரியாளின் காட்சி வேறு.

முனிவருக்கு உண்மையில் துணைநின்றது மக்கள் வழிபாடு. 1562இல் அவிலா நகரத்துத் தெரேசா அம்மையார் தாம் நிறுவிய முதல் மடத்துக்குச் சூசையின் பெயரையே இட்டார். 1870இல்தான் 9ஆம் பயஸ் அவரை உலகத் திருச்சபையின் காவலராக அறிவித்தார். பலிபூசையின் நடுப்பகுதி மன்றாட்டில் அவர் பெயரை 23ஆம் யோவான் சேர்த்ததோ 1962இல். வழிபாடு முன்னே நடந்தது. ஆணை மெல்லப் பின்வந்தது. அவ்வழிபாட்டின் தமிழ்க் குரலே தேம்பாவணி.

இனிக் கவிதையை நோக்குவோம். கருவுற்ற மரியாளை மறைவாக விலக்கிவிட எண்ணினார் சூசை என்று மத்தேயு இரண்டொரு வரியில் கூறுவதை, முனிவர் ஐயந்தோற்று படலம், ஐயநீங்கு படலம் என இரண்டாக விரித்தார். நீதிமான் ஒருவன் அன்புக்கும் அறத்துக்கும் இடையே நின்று தவிக்கும் நிலை மறைநூலே தந்த கரு. ஆதலால் ஆண்டுக் காப்பியம் உயிர்க்கின்றது. மறைநூல் வாய்திறவாத இளமையைப் பாடும் பால மாட்சிப் படலத்தில் புகழ் நிறைந்துள்ளது, போராட்டம் இல்லை. பிறந்தபோதே நிறைவுற்றவனுக்கு வளர ஏது இடம்? வளன் என்று பெயரிட்டவர் இதை எண்ணியிருக்கலாம். (அப்பெயர் வெறும் ஒலிபெயர்ப்பன்று, பெருக்குதல் என்னும் எபிரேயப் பொருளைத் தேடிக் கண்ட ஆக்கம். பெயரளவில் முனிவர் மூலத்தைவிட்டு இம்மியும் விலகவில்லை!)

கிருட்டிணப் பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தை (1894) இதனோடு ஒப்பிடுவது வழக்கம். அதன் முதனூலான பனியனின் நூலில் (1678) பயணி கையில் புத்தகத்துடனேயே தோன்றுகிறான். ஓரங்களில் மறைநூல் இடங்கள் குறிக்கப்பட்டுள்ளன. மறைநூல் ஒன்றே விதி என்பதன் உருவமே அப்பயணி. ஆனால் அப்பயணக் கதையும் விவிலியத்தில் இல்லை. அதனைக் கற்பனை என எவரும் பழிப்பதில்லையே, ஏன்? பயணி எந்தப் பீடத்திலும் நிற்பவனல்லன். சூசையோ மக்கள் மெழுகுவத்தி ஏற்றி வணங்கும் ஒருவர். அவர் கையில் பூத்த கோல் நான்கு நற்செய்தியிலும் இல்லை. ஆயினும் கோவில் சிலைகளில் உண்டு.

பழைய குறைக்கு வலிமை இருப்பது இவ்விடத்திலேதான். அக்காலத்துக் கத்தோலிக்கத் தமிழரிடம் தம் சபையார் பெயர்த்து அச்சிட்ட விவிலியம் இல்லை. ஏலாக்குறிச்சிக் கோவிலில் அமர்ந்து பாடலைக் கேட்டவர், இது மத்தேயு சொன்னது, இது ஆகிரதா மரியாள் சொன்னது எனப் பிரித்தறிய வழியில்லை. பாயிரத்தில் மூலத்தை ஒருமுறை உரைத்த முனிவர், நூலின் உள்ளே இரண்டையும் ஒரே நூலில் கோத்துவிட்டார். தேம்பா அணி என்று அதற்குப் பெயரிட்டதும் அவரே. மாலையில் எந்த மலர் எந்தத் தோட்டத்தது என்பதைச் சூடுபவர் கேட்பதில்லை; பாடஞ்சொல்லும் ஆசிரியர் கேட்டாக வேண்டும். ஐயந்தோற்று படலத்தை நடத்தும் நாளில் மத்தேயுவின் முதல் அதிகாரமும் மேசைமேல் விரிந்திருக்கட்டும்.