சீருடையும் எழுதுகோலும்

கைவிலங்கு பூட்டப்பட்டவன் கையொப்பம் கேட்கிறான்! யாரிடம்? தன்னைப் பிடித்து வந்த துப்பறியும் காவலரிடம்! புகழ் பெற்ற அந்த நாவலைத் தீட்டியவர் தாங்கள்தாமோ என்று வியக்கிறான். திரைப்படத்தில் தனக்கொரு வேடம் கிடைக்குமா என்றுகூட வினவுகிறான்.

அமெரிக்க நாட்டு லாஸ் ஏஞ்சலஸ் நகரில், 1970-களின் தொடக்கத்தில், ஜோசப் வாம்பா என்னும் காவலர் கண்ட காட்சி இது. நகைப்புக்குரிய காட்சிதான். ஆயினும் நகைத்துவிட்டு நகர்ந்துவிட நம்மால் இயலவில்லை. அதிகாரத்தின் சீருடையை உடலில் அணிந்தவன், உண்மையின் எழுதுகோலையும் கையில் ஏந்த முடியுமா? ஏந்தினால் எவ்வளவு காலம்? எவ்வளவு தூரம்? இவ்வினாக்களை நம்முன் நிறுத்துகிறது அவரது வாழ்வு.

1937-ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்தில், காவலர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் வாம்பா. பதினேழாம் வயதில் கடற்படைப் பிரிவில் சேர்ந்தார். பின்னர் எஃகு ஆலையில் உழைத்தார். உழைத்துக்கொண்டே கல்லூரியில் பயின்றார். 1960-இல் லாஸ் ஏஞ்சலஸ் காவல் துறையில் சேர்ந்து, பதினான்கு ஆண்டுகள் பணியாற்றினார். படித்த படிப்போ ஆங்கில இலக்கியம். பார்த்த பாடமோ தெருவில் கிடந்த மனித வாழ்வு!

அந்நாளில் அமெரிக்க மக்கள் காவலரை அறிந்தது எங்ஙனம்? ஜாக் வெப் என்னும் நடிகர் படைத்த 'டிராக்னெட்' என்ற தொடர் வாயிலாக. 1949-இல் வானொலியில் தொடங்கி, 1951-இல் தொலைக்காட்சிக்கு வந்த அத்தொடர், லாஸ் ஏஞ்சலஸ் காவல் துறையின் ஒத்துழைப்போடு உருவானது. கதையைத் துறையே படித்துப் பார்த்து ஒப்புதல் தரும். அதில் வரும் காவலர் அழமாட்டார், அஞ்சமாட்டார், தவறமாட்டார். அரசவைப் புலவன் பாடிய பரணி போன்றது அது. பரிசிலும் உண்டு, பாராட்டும் உண்டு. மனிதன் மட்டும் இல்லை!

அந்தப் பொற்சிலையை உடைத்தது வாம்பாவின் முதல் நாவல். 'தி நியூ செஞ்சூரியன்ஸ்' என்னும் அந்நூல் 1971-இல் வெளிவந்தது. பழைய ரோமானியப் படையில் நூற்றுவர் தலைவனுக்குச் செஞ்சூரியன் என்று பெயர். 1960-இல் பயிற்சிக்கு வரும் மூன்று இளைஞர்களை எடுத்துக்கொண்டு, 1965 ஆகஸ்டில் வாட்ஸ் பகுதியில் வெடித்த கலவரம் வரை நடத்திச் செல்கிறார் ஆசிரியர். ஒருவன் மெக்சிகோ குடியில் பிறந்தவன். தன் தாய்மொழி தனக்குத் தெரியாததுபோல் நடிக்கிறான். மற்றொருவன் உருவில் சிறியவன். தான் கோழையோ என்னும் ஐயம் ஒவ்வோர் இரவும் அவனை அரிக்கிறது. மூன்றாமவன் குற்றவியல் கற்றவன். சில காலம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவன். இவர்களிடையே கில்வின்ஸ்கி என்னும் முதியவர். இளையோருக்கு ஆசான், தெருவே அவருக்கு இல்லம். ஓய்வு பெற்றுச் சென்றபின் தனிமை தாளாமல் தம்மையே மாய்த்துக்கொள்கிறார்.

குற்றவாளி யார் என்று தேடும் கதை அன்று இது. குற்றங்களுக்கிடையே நாளெல்லாம் நிற்கும் மனிதன் என்ன ஆகிறான் என்று தேடும் கதை. மர்மமும் கொலையும் காட்டி மயக்கும் நூல்கள் ஆயிரம் உள. அலுவல் மனிதனை எப்படித் தின்கிறது என்று காட்டும் நூல்கள் சிலவே. வாம்பாவின் சிறப்பு இங்கேதான் என்போம்.

துறை என்ன செய்தது? முன் இசைவு பெறாமல் நூல் வெளியிட்டார் என்று அவரைக் கண்டித்தது. இந்த இடத்தில் நம் நெஞ்சு சற்றே துடிக்கிறது. நாமும் மாதச் சம்பளம் பெறும் பள்ளி ஆசிரியரே. பள்ளியின் குறையொன்றை எழுத நினைக்கும்போதெல்லாம், மேலிடத்தின் முகம் கண்முன் தோன்றுகிறது, பேனா தயங்குகிறது. "உண்ட வீட்டுக்கு இரண்டகமா?" என்று கேட்பார் உளர். நாம் கேட்கிறோம்: சம்பளம் தருவது யார்? மக்களின் வரிப்பணம் அன்றோ? மக்களுக்கு உண்மை சொல்வது எப்படி இரண்டகமாகும்? உள்ளிருப்பவன் வாய் திறவாவிட்டால், வெளியிலிருப்பவன் அறிவது சுவரை மட்டுந்தானே!

இதற்கு விடைபோல அமைந்தது 1973-இல் வந்த 'தி ஆனியன் ஃபீல்டு'. இது புனைகதையன்று, நடந்த நிகழ்ச்சி. 1963 மார்ச் 9-ஆம் நாள் இரவு, ஹாலிவுட் பகுதியில் கேம்பல், ஹெட்டிங்கர் என்னும் இரு காவலரைக் குற்றவாளிகள் இருவர் துப்பாக்கி முனையில் கடத்தி, பேக்கர்ஸ்ஃபீல்டு அருகே ஒரு வெங்காய வயலுக்குக் கொண்டு சென்றனர். கேம்பல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹெட்டிங்கர் இருளில் ஓடித் தப்பினார். தப்பியவருக்குத் துறை தந்தது ஆறுதல் அன்று. துப்பாக்கியை ஒப்படைத்தது தவறு என்றது. நடந்ததை மற்றக் காவலர்முன் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தது. குற்ற உணர்வால் குலைந்த அம்மனிதர் கடையில் சிறு திருட்டில் சிக்கி, 1966-இல் பதவி இழந்தார். சுட்டவனின் குண்டு ஒருவரைக் கொன்றது. துறையின் சொல்லோ மற்றவரை நடைப்பிணம் ஆக்கியது. இதை எழுதவே விடுப்பெடுத்துக்கொண்டார் வாம்பா. உள்ளிருந்தவர் என்பதால்தான் அந்த இரண்டாம் காயம் அவர் கண்ணில் பட்டது.

புகழ்ந்தது போதும். குறை கூறாத திறனாய்வு, திறனாய்வு ஆகாது.

1972-இல் வந்த 'தி புளூ நைட்' நாவலின் தலைவன் பம்பர் மார்கன். இருபது ஆண்டு ரோந்து சுற்றியவன். பணி முடிய மூன்றே நாள். உணவு விடுதிகளில் காசின்றி உண்கிறான். வழக்கு மன்றத்தில் ஆணையிட்டுப் பொய் உரைத்து, நீதிபதியிடம் அகப்படுகிறான். ஆசிரியர் எதையும் மறைக்கவில்லை. ஆனால், மார்கன் தன் வாயாலேயே கதை சொல்கிறான். நகைச்சுவையும் நல்லுள்ளமும் காட்டி முதலில் நம்மைக் கவர்ந்துவிடுகிறான். அதன்பின் அவன் கூறும் பொய், நண்பன் செய்த சிறு பிழைபோல் ஆகிவிடுகிறது! அந்தப் பொய்யால் சிறை செல்லக் கூடியவனும் மனிதன்தானே? அவன் பக்கம் நின்று ஒரு பக்கமாவது எழுதப்படவில்லையே!

வாட்ஸ் கலவரமும் அப்படியே. ஒரு கறுப்பின இளைஞரைச் சாலையில் கைது செய்ததில் மூண்டது அது. 34 பேர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். வேலையில்லாமை, தரங்குன்றிய பள்ளி, காவலரோடு நெடுநாள் பகை எனக் காரணங்களை அடுக்கியது கவர்னர் அமைத்த விசாரணைக் குழு. நாவலிலோ, அத்தீயைக் காவல் வண்டியின் கண்ணாடி வழியேதான் காண்கிறோம். எரிந்தது தெரிகிறது, ஏன் எரிந்தது என்பது தெரியவில்லை. சீருடைக்குள் இருந்த மனிதனைக் கண்டவர், சீருடையின் முன் நின்ற மனிதனைக் கூட்டமாக விட்டுவிட்டார்.

1974-இல் பணியைத் துறந்தார் வாம்பா. துறை விரட்டவில்லை, புகழ் விரட்டியது. நிலையத்துத் தொலைபேசி அவருக்காகவே ஓயாமல் ஒலித்தது, விலங்கிட்டவனும் விசிறியானான். பார்க்கப் போனவர் பார்க்கப்படும் பொருளானார். அப்புறம் எங்கே துப்பறிவது? பின்னும் பல நூல்கள் எழுதி, 2025 பிப்ரவரியில் தம் 88-ஆம் வயதில் மறைந்தார்.

அவர் விட்ட பக்கத்தை எழுதியவர் இல்லையா? முன்பே இருந்தார். செஸ்டர் ஹைம்ஸ் என்னும் கறுப்பின எழுத்தாளர், கொள்ளைக் குற்றத்துக்காக 1928-இல் ஒஹையோ சிறை புகுந்து, 1936-இல் வெளிவந்தவர். சிறையிலிருந்தே கதை எழுதி இதழ்களில் வெளியிட்டார். 1945-இல் வந்த அவரது நாவல், அதே லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கப்பல் கட்டும் தளத்தில் உழைக்கும் கறுப்பினத் தொழிலாளியை நிறவெறி எப்படி வதைக்கிறது என்று காட்டுகிறது. பின்னாளில் ஹார்லெம் பகுதிக் காவலர் இருவரை வைத்து அவரும் குற்ற நாவல்கள் படைத்தார்.

வாம்பாவைப் படியுங்கள், காவலனும் கண்ணீர் வடிப்பவன் என்று அறிவீர்கள். அடுத்து ஹைம்ஸைப் படியுங்கள். விலங்கு பூண்ட கைக்கும் எழுத வரும் என்பதை அங்கே காண்பீர்கள்.