ஐந்து டாலருக்கு ஒரு பிக்காசோ

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள ஓபர்லின் கல்லூரியில், பருவம் தொடங்கும்போது ஆலன் நினைவு அருங்காட்சியகத்தின் வாசலில் மாணவர்கள் கூடாரம் போட்டு இரவெல்லாம் காத்துக்கிடப்பார்கள். விடிந்ததும் ஐந்து டாலர் கட்டினால், பிக்காசோவின் அச்சோவியம்கூட அந்தப் பருவம் முழுக்க விடுதி அறைச் சுவரில் தொங்கும். அங்கே பணியாற்றிய எலன் ஜான்சன் 1940-இல் தொடங்கிவைத்த வழக்கம் இது.

காப்பாளர்களின் வயிற்றில் புளியைக் கரைக்கும் ஏற்பாடுதான். ஆனாலும் படக்கூடத்தில் அரை நிமிடம் நின்று பார்ப்பதும், பல் துலக்கிக்கொண்டே தினமும் ஒரே படத்தைப் பார்ப்பதும் ஒன்றல்ல. இதில் துணிச்சலைவிட முன்யோசனைதான் அதிகம். வாடகைக்கென்று சுமார் நானூறு படைப்புகளைத் தனியே பிரித்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் பல, வேறு பிரதிகளும் உள்ள அச்சோவியங்கள். குறையும் உண்டு. தாளில் உள்ள படைப்புக்கு ஐம்பது லக்ஸ் வெளிச்சமே போதும் என்பது அருங்காட்சியக வழக்கம். விடுதி ஜன்னலுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. இரவு வேலைக்குப் போகும் மாணவரால் கூடாரத்தில் இடம்பிடிக்கவும் முடியாது.

வெளிச்சம் என்ன செய்யும் என்பதற்கு ஹார்வர்டே சாட்சி. மார்க் ராத்கோ அங்கே ஹோலியோக் மையத்தின் மேல்மாடி உணவறைக்காக வரைந்த ஐந்து பெரிய ஓவியங்கள் 1964-இல் மாட்டப்பட்டன. அவர் பயன்படுத்திய லித்தால் சிவப்பு, வெயில் தாங்காத நிறமி. சாப்பிட வந்தவர்களுக்கோ ஜன்னல் வழியே ஊரைப் பார்க்க வேண்டும். திரைகள் திறந்தே கிடந்தன. கருஞ்சிவப்பு வெளிறி நீலம் பாரித்தது. 1979-க்குள் ஓவியங்கள் கிடங்குக்குப் போய்விட்டன. 2014-இல் அவற்றை மீண்டும் காட்சிக்கு வைத்தபோது, இழந்த நிறத்தைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு ஒளிவீழ்த்திக் கருவியால் ஓவியத்தின் மேலேயே பாய்ச்சினார்கள். தினமும் மாலை நான்கு மணிக்குக் கருவியை அணைப்பார்கள். வெளிறிய ஓவியம் அப்படியே எதிரே நிற்கும். நிறமி வேதியியலுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. தெரிந்தே எந்த அருங்காட்சியக இயக்குநரும் கொடுக்கக்கூடிய விலையும் அல்ல அது. ஓவியத்தை மக்கள் நடுவில் வைத்தது பிழையல்ல. திரையை இழுத்துவிடும் பொறுப்பு யாருடையது என்று வரையறுக்காததுதான் பிழை.

அப்படியானால் பூட்டி வைத்துவிடலாமா?

பூட்டி வைத்தால் வெயிலிலிருந்துதான் தப்பிக்கலாம், நிதிக் குழுவிடமிருந்து அல்ல. 2009 ஜனவரியில், பொருளாதாரச் சரிவில் தவித்த பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர்கள் ரோஸ் அருங்காட்சியகத்தை மூடி, சேகரிப்பை விற்க முடிவெடுத்தார்கள். மாணவர்கள் போராடினார்கள், முடிவை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு 2011-இல் சமரசமாக முடிந்தது, சேகரிப்பு விற்பனைக்குப் போகவில்லை. இப்படியொரு கூட்டத்துக்குப் போகும் இயக்குநர், படங்களின் சந்தை மதிப்பைச் சொன்னால் விற்கும் ஆசைக்கே எண்ணெய் ஊற்றுவார். எந்த வகுப்பு பாடத்துக்காக எந்தப் படத்தை எத்தனை முறை கேட்டது என்ற பதிவேடு கையில் இருந்தால், குறைந்தபட்சம் பேச்சு வேறிடத்தில் தொடங்கும்.