மகள் எழுதியதும் அப்பா கேட்டதும்

ருமேனியக் கவிஞர் யூலியா ஹஷ்தேவு வாழ்ந்தது பதினெட்டே வருஷம். 1869 நவம்பரில் புக்கரெஸ்டில் பிறந்து, பாரீஸ் சொர்போனில் படிக்கப் போய், 1888 செப்டம்பரில் காசநோயால் மறைந்தார்.

அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே பேச்சு அப்பா பக்கம் போய்விடுகிறது. போக்தான் ஹஷ்தேவு பெரிய மொழியியல் அறிஞர். ஒரே மகள் போனபின் ஆவிகளோடு பேசுவதில் இறங்கினார். மகளே தன் கையைப் பிடித்து எழுதுகிறாள் என்று நம்பினார். கம்பினா ஊரில் அவள் நினைவாக ஒரு கோட்டையே கட்டினார். வரைபடமும் அவள் தந்ததாம். (இன்று அது அருங்காட்சியகம்.) சோகம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் கோட்டையைப் பார்க்க வருபவர்களில் எத்தனை பேர் கவிதையைத் திறக்கிறார்கள்?

அந்தக் கவிதைகளை அச்சிட்டவரும் அப்பாதான். பெரும்பாலும் பிரெஞ்சு. இடைக்கால வீரர்களைப் பாடும் இடங்களில் படிப்பு வாசனை தூக்கல் என்பது என் எண்ணம். ‘ஏப்ரல் மொட்டுகள்’ தொகுப்பைத்தான் நான் முன்னால் வைப்பேன்.

கல்கத்தாவாசிகளான நமக்கு உடனே தோரு தத் நினைவு வரும். 1877இல், 21 வயதில், அதே காசநோய். அவரும் பிரெஞ்சில் நாவல் எழுதினார். அதுவும் அப்பா முயற்சியால் பிறகே வெளிவந்தது. மாணிக்தலா கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்.

என் மகள் வங்காளியில் எழுதுகிறாள். ‘தமிழ்ல எழுதேம்மா’ என்று எத்தனை முறை கடிந்திருப்பேன்! போன வாரம் நோட்டை வாங்கி உட்கார்ந்தேன். பாதி புரியவில்லை. அவளையே படிச்சுக் காட்டச் சொன்னேன்.