கணக்குக்குள் வராத வயர்

க.பொ.த. சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படித்த எவருக்கும் இரண்டு சமன்பாடுகள் இலகுவில் மறக்காது. அழுத்த வேறுபாட்டை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை. இரண்டையும் பெருக்கினால் வலு. முதலாவதன் அடிப்படையை ஜேர்மனியரான ஜோர்ஜ் ஓம் 1827இல் நூலாக வெளியிட்டார். இன்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பிள்ளைகள் ஒரு முக்கோணத்தை வரைந்து, வேண்டிய எழுத்தை விரலால் மறைத்து, அரை நிமிடத்தில் விடை சொல்கிறார்கள். விடை சரியாகத்தான் வருகிறது. ஆனால் அதே பிள்ளையின் வீட்டுத் தோட்டத்தில் தண்ணீர் மோட்டர் அடிக்கடி எரியும்போது, அந்தக் கணக்கு ஏன் உதவிக்கு வருவதில்லை என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

இந்த முறையின் பலத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஒரு வோல்ற்றுமானியும் ஓர் அம்பியர்மானியும் இருந்தால், கருவியைப் பிரித்துப் பார்க்காமலே அதன் தடையையும் அது எடுக்கும் வலுவையும் அறியலாம். 230 வோல்ற்றில் 1000 வாற்று மின்னழுத்தி ஏறத்தாழ 4.3 அம்பியர் எடுக்கும். அதன் தடை 53 ஓம். மின்னழுத்தி, தண்ணீர் சூடாக்கும் கொயில் போன்றவற்றில் நிக்குரோம் கம்பியின் தடை சூட்டால் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே அங்கே கணக்கும் கருவியும் ஒத்துப்போகின்றன. எந்த உருகி போடுவது, எத்தனை கருவிகளை ஒரே இணைப்பில் கொடுப்பது என்று முடிவெடுக்க இதைவிட எளிய வழி இல்லை.

வன்னி மக்களுக்கு இந்தக் கணக்கு வகுப்பறைக்கு வெளியேயும் பழக்கமானது. 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்த பின், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் நீண்ட காலம் தேசிய மின் இணைப்பு இல்லாமல் இருந்தன. பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டார்கள். டைனமோவில் 6 வோல்ற், 3 வாற்று என்று இருக்கும். அதாவது அரை அம்பியர், 12 ஓம். ஆனால் அந்த 6 வோல்ற் ஏறத்தாழ 12 ஓம் சுமை பூட்டிய நிலைக்கே உரியது. சுமை குறைந்தாலோ சுற்றும் வேகம் கூடினாலோ வோல்ற்றளவு ஏறும், வானொலி பழுதாகும். வருவது ஆடலோட்டம் என்பதால் இடையில் டயோட்டும் வேண்டும். எழுதியிருந்த இலக்கத்தை மட்டும் நம்பாமல், பெடலின் வேகத்தையும் சுமையையும் சேர்த்துக் கவனித்தவர்களின் வானொலியே தப்பியது.

பள்ளிக் கணக்கின் முதற்குறை வயரில் தெரிகிறது. சுற்றுப்படத்தில் வயர் என்பது தடையே இல்லாத ஒரு கோடு. விசுவமடுவிலோ செட்டிகுளத்திலோ உள்ள தோட்டக் கிணறு அப்படி இல்லை. மீற்றர்ப் பெட்டியிலிருந்து கிணற்றுக்கு 150 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். போக்கும் வரவுமாக 300 மீற்றர் செப்பு வயர். அது 2.5 சதுர மில்லிமீற்றர் வயரானால் தடை ஏறத்தாழ 2 ஓம். ஒரு குதிரைவலு மோட்டர் 6 அம்பியர் எடுத்தால் வயரிலேயே 12 வோல்ற் விழுந்து, 70 வாற்றுக்கு மேல் வீணே சூடாகும். காசு மிச்சம் பிடிக்க 1 சதுர மில்லிமீற்றர் வயரை இழுத்தால் தடை 5 ஓமைத் தாண்டும். விழுவது 31 வோல்ற், வீணாவது 186 வாற்று. இதையெல்லாம் சொல்வதும் அதே இரண்டு சமன்பாடுகள்தான். வயரையும் ஒரு தடையாக எழுதிக்கொள்ளும் பழக்கம் மட்டுமே குறைகிறது.

இரண்டாவது குறை இதைவிட ஆழமானது. தடை மாறாது என்று பழகிய மாணவர், வோல்ற்றளவு குறைந்தால் மின்னோட்டமும் குறையும் என்றே சொல்வார். மின்னழுத்திக்கு அது சரி. சுமையோடு ஓடும் தூண்டல் மோட்டரில் நடப்பது நேர்மாறு: வோல்ற்றளவு குறையக் குறைய, அதே தண்ணீரை இறைக்க அது கூடுதல் மின்னோட்டம் எடுக்கிறது. மின்னோட்டம் கூட வயரில் இழப்பும் கூடும். மோட்டரின் கொயில் கருகும். புறப்படும் கணத்தில் ஐந்து மடங்கு வரை இழுப்பதால், 2.5 சதுர மில்லிமீற்றர் வயரிலும் ஐம்பது வோல்ற் அளவில் விழுந்துவிடும். மோட்டர் சுற்றாமல் உறுமிக்கொண்டு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வலுக் கணக்கும் மோட்டரிடம் தடுமாறுகிறது. 230ஐ 6ஆல் பெருக்கினால் 1380 வரும். வலுக்காரணி 0.8 ஆனால் மீற்றர் பதிவது ஏறத்தாழ 1100 வாற்று. வகுத்தால் வரும் 38 ஓமும் கொயிலின் தடை அல்ல. மோட்டரை மின்னிலிருந்து கழற்றிப் பல்மானியால் அளந்தால் சில ஓம்தான் காட்டும். பழைய இழைக் குமிழிலும் இதே சிக்கல் உண்டு. 60 வாற்றுக் குமிழ் எரியும்போது 880 ஓம். குளிர்ந்திருக்கையில் அதில் பத்திலொரு பங்குகூட இராது. குமிழ் போடும் கணத்திலேயே பெரும்பாலும் எரிந்துபோனதன் காரணம் அதுவே.

ஆகவே இந்தக் கணக்கைப் பாடத்திலிருந்து தள்ளவேண்டியதில்லை. அதன் எல்லையையும் சேர்த்துக் கற்பிக்கவேண்டும். செலவும் அதிகமில்லை. நூறு மீற்றர் மெல்லிய வயர்ச் சுருள், 12 வோல்ற் பற்றரி, ஒரு வாகனக் குமிழ், ஒரு பல்மானி போதும். பற்றரி முனையிலும் குமிழ் முனையிலும் வோல்ற்றளவை அளந்தால், இடையில் காணாமற்போன வோல்ற் எங்கே போனது என்பதைப் பிள்ளைகளே கணக்கிடுவார்கள். 230 வோல்ற்றைத் தொடவேண்டிய தேவையும் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இருக்கிறது. அங்குள்ள மாணவர்கள் பக்கத்துப் பாடசாலைகளுக்கு இந்தச் செய்முறையைக் கொண்டுசென்றால், அடுத்த போகத்துக்கு எந்தத் தடிப்பு வயர் வாங்குவது என்று தோட்டக்காரர் தம் பிள்ளையிடமே கேட்கலாம்.